வன்னியிற் காரணம் அறியா நோய்கள் இரண்டு: ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வன்னிமைகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும், 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் அந்நியரை எதிர்த்து நின்ற செய்தியையும், பிற்காலத்துக் குடியேற்றத் திட்டங்களையுமே தம் பொருளாகக் கொண்டனர். அந்நிலத்து மக்கள் எத்தகைய நீரைப் பருகினர், எந்நோயால் மடிந்தனர், அந்நோயை ஆண்டோர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்னும் வினாக்கள் வரலாற்றுக்குப் புறம்பானவை என விடப்பட்டன போலும். ஆயினும், ஓர் அரசு தன் எல்லைப்புற மக்களை எவ்வாறு நோக்கியது என்பதை அறிவதற்கு அதன் போர் நடவடிக்கைகளைக் காட்டிலும் அதன் நோய்த் தடுப்புக் கொள்கை தெளிவான சான்றாக அமையக்கூடும். இக்கட்டுரை நாட்பட்ட சிறுநீரக நோய் தொடர்பாக இலங்கையில் உருவான தேசியக் கொள்கையை அத்தகைய சான்றாகக் கொண்டு, துணுக்காய் என்னும் ஒரு சிறு பிரதேசத்தினின்று அதனை நோக்க முற்படுகின்றது.

துணுக்காய், முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பாகத்திலுள்ளது. ஏ9 நெடுஞ்சாலையில் மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே திரும்பிச் செல்வோர் மல்லாவியை அடைவர். பிரதேசத்தின் சந்தையும் வைத்தியசாலையும் பெரிய பாடசாலையும் அங்கேயே உள்ளன. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் இப்பகுதியின் உயிர்நாடி. நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த பாக்கர் என்பார் 1909 இல் வெளியிட்ட தமது பண்டைய இலங்கை பற்றிய நூலில், இக்குளத்தைத் தீவின் மிகப் பழைய பெருங்குளங்களுள் ஒன்றாகக் கணித்தார். பல நூற்றாண்டு உடைந்து கிடந்த இக்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்ற குடும்பங்கள் வந்து குடியேறின. காடு வயலாயிற்று. வயலுக்குக் குளத்து நீரும் வாய்க்குக் கிணற்று நீரும் என்பதே அன்று முதல் இங்குள்ள ஏற்பாடு. இவ்வேற்பாட்டின் பிற்பகுதியே எமது கட்டுரைக்கு முக்கியமானது.

அவ்வாறு வந்தோருள் எனது அம்மப்பாவும் ஒருவர். அவர் 1999 ஆம் ஆண்டு மல்லாவியில் இறந்தார். நான் அவரைக் கண்டதில்லை. கால் வீங்கி, பசி கெட்டு, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, இறுதி மாதங்களில் முற்றத்து மாமர நிழலிலேயே கிடந்தார் என அம்மா சொல்லக் கேட்டிருக்கின்றேன். வீட்டார் அதனை 'நீர் வீக்கம்' என்றனர். குருதியைச் சோதித்த தாளோ வைத்தியசாலைக் குறிப்போ எதுவும் எஞ்சவில்லை. இருந்திருப்பினும் 2008 இன் இடப்பெயர்வில் அழிந்திருக்கும். பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 2017 இல், அவருடைய மகனான என் மாமாவுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கண்டறியப்பட்டது. தந்தைக்கு வந்ததும் அதுவேயா? அம்மா இவ்வினாவை அடிக்கடி கேட்பார். வரலாற்று மாணவன் என்ற முறையில் அதற்கு விடைதேடப் புகுந்தபோதுதான், விடை இல்லாமைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை உணர்ந்தேன்.

இற்றைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பும் வன்னியிற் காரணம் அறியா நோய் ஒன்று இருந்தது. அதனைப் பறங்கி நோய் என்றனர். அந்நியர் கொண்டுவந்தது என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. தோலிற் புண்களாகத் தொடங்கி, காலப்போக்கில் எலும்பையும் மூட்டையும் அழித்து, உழவனை நடக்க இயலாதவனாக்கும் கொடிய நோய் அது. வன்னிக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காடாகி வருவதைக் கண்ட பிரித்தானிய அரசாங்கம், மக்கட்டொகை அருகி வருவதன் காரணத்தை ஆராயுமாறு வட மாகாணத்திற் பணியாற்றிய வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் என்பாரைப் பணித்தது. 1860களின் இறுதியில் அவர் அளித்த அறிக்கையின் ஒரு பரிந்துரை, உள்நாட்டவரை வைத்தியராகப் பயிற்றுதற்கு ஒரு கல்லூரி வேண்டும் என்பதாகும். 1870 ஆம் ஆண்டு யூன் மாதம் கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தீவின் முதல் அரச மருத்துவக் கல்லூரி தோன்றியதற்கு வன்னி மக்களின் புண்களும் ஒரு காரணம் என்பதை இன்று அக்கல்லூரியின் வழிவந்த மருத்துவ பீடத்திற் கற்போருள் எத்தனை பேர் அறிவர்? (மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பித்து வந்த காலமும் அதுவே என்பது தமிழ்ச் சங்கத்தாரின் நினைவிற் கொள்ளத்தக்கது.)

பறங்கி நோய்க்கு அக்காலத்து அலுவலர் பலர் கூறிய காரணம் யாது? கெட்ட நீரும் குறைந்த உணவுமே என்பது. உடைந்த குளங்களின் சேற்று நீரைக் குடித்தலால் நோய் வருகின்றது. ஆகவே குளத்தைத் திருத்தினால் நோய் தீரும். இக்கருத்து வெறும் மருத்துவக் கருத்தாக நின்றுவிடவில்லை. 1873 இல் தேசாதிபதி கிரெகரி நுவரகலாவியாவை மையமாகக் கொண்டு வடமத்திய மாகாணத்தை வகுத்தமைக்கும், அங்கு குளத் திருத்தத்தை ஊக்கியமைக்கும் அப்பகுதி மக்களின் நோயும் வறுமையும் பெரிதும் தூண்டுதலாயின. 1881 இல் பிரதான சிவில் வைத்திய அதிகாரி கின்சி பறங்கி நோய் பற்றித் தனி அறிக்கை ஒன்றையே எழுதினார். லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், நோயை வன்னி வாழ்வின் நிலையான கூறுகளுள் ஒன்றாகவே காட்டுகின்றது.

உண்மைக் காரணம் 1905 இல் வெளியாயிற்று. கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் கஸ்ரெலானி, பறங்கிப் புண்களில் திருகு வடிவான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். நோய் நீரால் வந்ததன்று; தோலோடு தோல் உரசுதலாற் பரவியது. பிற்காலத்துப் பெனிசிலின் ஊசி ஒன்றே அதனைத் தீர்க்கப் போதுமாயிற்று. எனின், முப்பது ஆண்டுகளாகக் குளங்களைத் திருத்தியது வீண்முயற்சியா? அன்று. குளம் திருந்திய ஊரில் நெல் விளைந்தது. உண்டவன் உடலிற் பலம் ஏறிற்று. தவறான காரணத்தின் அடிப்படையிற் செய்யப்பட்ட சரியான செயல் என அதனைக் கூறலாம். ஆனால் எல்லாத் தவறான காரணங்களும் இவ்வாறு நற்பயன் தருவனவல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

பறங்கிக்கும் சிறுநீரக நோய்க்கும் இடைப்பட்ட காலத்தை மலேரியா ஆண்டது. அதன் கதை பலரும் அறிந்ததாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்படாதிருந்தால் வவுனிக்குளம் போன்ற குடியேற்றங்கள் நிலைத்திரா என்பதும், இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது என்பதும் போதும். ஒன்றை மட்டும் குறித்தல் தகும். போர் நடந்த ஆண்டுகளிலும் மலேரியாத் தடுப்புப் பணியாளர் குருதித் துளி எடுத்து எண்ணிக்கொண்டே இருந்தனர். எண்ணிக்கை இருந்தமையால் நோய் எங்கு எஞ்சியிருந்தது என்பது தெரிந்தது.

இனிச் சிறுநீரக நோய்க்கு வருவோம். 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் ஒரு புதுமையை அவதானித்தனர். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத, நடுவயதை அடைந்த உழவர் பலர் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தனர். மெதவாச்சி, பதவியா, கிராந்துருக்கோட்டை, மெதிரிகிரிய எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. அனைத்தும் உலர் வலயத்து நெற்செய்கைக் கிராமங்கள். நோய்க்கு வழமையான காரணம் எதுவும் புலப்படாமையால் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்ற நீண்ட பெயர் நிலைத்தது.

இந்நோயின் இயல்பு கொடியது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றுக்கிடையிலுள்ள இழையத்தையும் அது சிறிது சிறிதாக அழிக்கின்றது. நோவு இல்லை, சிறுநீரின் நிறமும் பெரிதும் மாறுவதில்லை. குருதியில் கிரியேற்றினின் அளவு உயர்ந்து காணப்படுங்கால் சிறுநீரகங்களின் செயற்றிறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கும். என் மாமாவின் சொற்களிற் கூறின், "வந்ததே தெரியேல்லை மருமோன், சொல்லேக்கை பாதி போட்டுது." ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, நோயாளி வைத்தியசாலைக்கு வருவார் எனக் காத்திருக்கும் கொள்கை தோற்ற கொள்கையே. நோயற்றவர் எனத் தம்மைக் கருதும் மனிதரிடம் சென்று குருதியும் சிறுநீரும் சோதித்தாலன்றி அதனைக் காலத்திற் காண இயலாது.

வரைபடத்தை விரித்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். மெதவாச்சி, வவுனியாவுக்குத் தெற்கே ஏ9 வீதியிலேயே உள்ளது. பதவியா, முல்லைத்தீவு மாவட்டத்தின் வெலிஓயாப் பகுதியை அடுத்தது. இரு பக்கத்தும் அதே உலர் வலயம், அதே குளமும் வயலும், அதே கிணற்று நீர், அதே வெயில். மாவட்ட எல்லை கண்டு நின்றுவிடும் நோய் உலகில் இல்லை. ஆனால் பதிவேடுகள் நின்றன. ஏன் நின்றன என்பதற்கு விடை அக்காலத்து அரசியல் வரலாற்றில் உள்ளது.

அனுராதபுரத்தில் வைத்தியர்கள் புதிய நோயைக் கவனிக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில் வன்னிப் பெருநிலம் போர்க்களமாயிருந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாக, அந்நகரத்து நிர்வாகமும் மக்களும் மல்லாவியை நோக்கி நகர்ந்தனர். ஒரு சிறு சந்தை ஊர் திடீரென ஒரு நகரின் சுமையைத் தாங்கலாயிற்று. மல்லாவி வைத்தியசாலையில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் வந்து பணியாற்றினர். காயமுற்றோர், பிரசவத் தாய்மார், மலேரியாக் காய்ச்சலுற்றோர் ஆகியோரே அக்காலத்து வைத்தியர்களின் நேரத்தை முழுதும் கொண்டனர். கால் வீங்கிய ஒரு முதியவரின் குருதியிற் கிரியேற்றினின் எவ்வளவு எனப் பார்ப்பதற்கு அங்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. இதனை எவர்மீதும் குற்றமாகக் கூறவில்லை. அம்மப்பா எந்நோயால் இறந்தார் என்பது ஏன் தெரியாது என்பதற்கான விளக்கமாகவே கூறுகின்றேன்.

2009 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம். அவ்வாண்டிலேயே சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து இந்நோய் பற்றிய தேசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. அதுவரை சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒன்றாக்கிய பெரும் பணி அது. அதன் முடிவுகள் 2013 இல் வெளியாயின. நோய் மிகுந்த பகுதிகளில் 15 முதல் 70 வயதுக்குட்பட்டோரிடையே ஆண்களில் 12.9 வீதத்தினரும் பெண்களில் 16.9 வீதத்தினரும் காரணம் அறியாச் சிறுநீரக நோயுற்றிருந்தனர் என்றும், முற்றிய நிலையை அடைந்தோர் ஆண்களிலேயே மிகுதி என்றும் அது கூறிற்று. நோயாளரின் சிறுநீரில் கட்மியம் மிகுந்திருந்ததையும் காட்டிற்று. இலங்கையின் சிறுநீரக நோய்க் கொள்கை பற்றிப் பின்னர் எழுதிய எவரும் இவ்வெண்களைக் கையாளாது விடவில்லை.

அவ்வெண்கள் அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களினின்று பெறப்பட்டவை. துணுக்காய் மக்கள் 2008 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஊரை விட்டுக் கிழக்கே பெயர்ந்து, 2009 மே மாதத்துடன் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை அடைந்திருந்தனர். ஆய்வாளர் ஒரு பக்கத்தில் வீடு வீடாகச் சென்று எண்ணிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் எண்ணப்படுவதற்கு வீடே இருக்கவில்லை. 2009 இன் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கிற்று. கூரையற்ற சுவர்களுக்கும் தூர்ந்த கிணறுகளுக்கும் மக்கள் திரும்பினர். பிற்காலத்தில் நோயுள்ள மாவட்டங்களின் பட்டியலில் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்க்கப்பட்டன. ஆயினும் முல்லைத்தீவு மாவட்டத்திற் பெரிதும் பேசப்பட்டது வெலிஓயாவே. மேற்கேயுள்ள துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகியன அட்டவணையின் ஓரத்திலேயே நின்றன. ஒரு பட்டியலில் எண் இல்லாவிடில் வாசிப்போர் அங்கே சுழியத்தைக் காண்கின்றனர். வெற்றிடமும் சுழியமும் ஒன்றல்ல என்பதைப் புள்ளிவிபரவியல் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொள்கை வகுப்போர்க்கு வேண்டும் போலும்.

நோயின் காரணம் பற்றிய விவாதம் ஒரு தனி நூலுக்குரியது. 2008 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பண்டாரவும் பிறரும் பொசுபேற்றுப் பசளையினின்று வரும் கட்மியத்தைக் குறித்தனர். 2009 இல் அதே பல்கலைக்கழகத்து இலேபெரும, நிலத்தடி நீரின் புளோரைட்டும் தரங்குறைந்த அலுமினியப் பாத்திரங்களும் சேர்ந்து விளைவிக்கும் கேடு என்றார். நீரின் கடினத்தன்மை, ஆசனிக்கு, பீடைகொல்லி, வெயிலில் நீரின்றி உழைத்தல், பரம்பரை இயல்பு எனக் கருதுகோள்கள் பெருகின. 2014 இல் ஜயசுமன முதலியோர், களைகொல்லியான கிளைபோசேற்று கடின நீருடன் சேர்ந்து நச்சு உலோகங்களைச் சிறுநீரகத்துக்குக் கொண்டு சேர்க்கலாம் என ஒரு கட்டுரை எழுதினர். அது கருதுகோள் என்றே முன்வைக்கப்பட்டது. நோயாளரை ஆராய்ந்து நிறுவிய முடிவன்று. எனினும் 2015 இல் கிளைபோசேற்று நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் முற்றாக நீக்கப்பட்டது. தடையிருந்த ஆண்டுகளில் நோய் குறைந்ததா என்பதை அறியத் தக்க முறையில் எவரும் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கவில்லை.

ஈண்டு வன்னி ஓர் அரிய சான்றை அளித்திருக்கக்கூடும். 1990 முதல் 2002 இன் போர்நிறுத்தம் வரை இப்பகுதிக்கு யூரியா உள்ளிட்ட பல பொருள்களை எடுத்துச் செல்லுதல் பொருளாதாரத் தடையினால் மறுக்கப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தது. வவுனிக்குளத்து உழவர் மாட்டெருவையும் இலைகுழைகளையும் நம்பிப் பயிரிட்டதை ஊரிலுள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். எல்லைக்குத் தெற்கேயிருந்த உழவனோ அதே ஆண்டுகளில் பசளையைத் தடையின்றி இட்டான். ஒரே மண், ஒரே நீர், இருவேறு பசளைப் பழக்கம்: ஆய்வுகூடத்திற்கூட அமைக்க முடியாத ஒப்பீடு. இரு பக்கத்தும் சிறுநீரக நோயாளரை எண்ணியிருந்தால், பசளைக் கொள்கையொன்று சாகுமா பிழைக்குமா என்பது ஓரளவு தெளிந்திருக்கும். எண்ணப்படவில்லை. அம்மப்பா அப்பன்னிரண்டு ஆண்டுகளின் இறுதிப் பகுதியிலே இறந்தார்; அவரது சாவு எக்கருதுகோளுக்கும் சார்பாகவோ எதிராகவோ சாட்சி கூறாது.

காரணத்தை நிறுவுமுன் கட்டளை பிறப்பித்தலின் விளைவை நாடு 2021 இல் முழுமையாக அனுபவித்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கூறப்பட்ட நியாயங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் நெல் விளைச்சல் வீழ்ந்துவிட்டது. கிரெகரியின் காலத்துத் தவறான காரணம் ஊருக்குக் குளம் தந்தது. எம் காலத்து ஐயக் காரணம் உழவனின் களஞ்சியத்தை வெறுமையாக்கிற்று.

இவ்வகையில் நாம் தனித்தவரல்லேம். பல்கேரியா, அன்றைய யூகோசிலாவியா, உருமேனியா ஆகிய நாடுகளில் தன்யூபு ஆற்றின் கிளைகளை அடுத்த கிராமங்களில் 1950களில் இத்தகைய சிறுநீரக நோய் ஒன்று அறியப்பட்டது. கோதுமை வயலிற் களையாக முளைக்கும் ஆடுதின்னாப்பாளை இனச் செடியொன்றின் வித்துக்கள் மாவுடன் கலத்தலே காரணமாகலாம் என 1969 இல் ஒருவர் எழுதினார். அது பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது. 2007 அளவிலேயே உறுதியான சான்று கிடைத்தது. அரை நூற்றாண்டு. எல்சல்வடோர், நிக்கராகுவா ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளில் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே பரவிய நோயின் காரணமும் முற்றாகத் தீர்ந்த வினா அன்று. எனினும் அங்கு சிலர் காரணம் தெளியும்வரை காத்திராது, வெட்டுவோர்க்கு வேளைதோறும் நிழல், ஓய்வு, நீர் என்னும் மூன்றையும் கட்டாயமாக்கினர். இதனால் எவருக்கும் கேடு இல்லை, செலவும் சிறிது. பிழையாயின் திருத்திக்கொள்ளக்கூடிய கொள்கையும் திருத்தவொண்ணாக் கொள்கையும் வேறுவேறு என்பதை இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் காணலாம்.

நீர்க் கொள்கையை இவ்வகையில் நல்லதொன்றாகவே மதிக்கலாம். நோயுள்ள பகுதிகளில் இயற்கை ஊற்று நீரைப் பருகிய ஊரார் பெரிதும் தப்பினர் என்ற அவதானம் பழையது. 2015 இன் பின்னர் ஜனாதிபதி செயலணியும், நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், கடற்படையும் உலர் வலயமெங்கும் நீரைச் செறிமென்சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவின. வன்னியிலும் அவை வந்தன. மக்கள் மஞ்சட் கொள்கலனைச் சைக்கிளிற் கட்டிச் சென்று நிரப்பி வருகின்றனர். இந்நீர் நோயைத் தடுக்கின்றதா என்பதற்கு அறுதியான விடை இன்னும் இல்லை. ஆயினும் புளோரைட்டும் கடினத்தன்மையும் குறைந்த நீர் எவ்வாற்றானும் நன்று. குறை வேறிடத்தில் உள்ளது. மென்சவ்வைக் காலந்தோறும் மாற்ற வேண்டும்; இயந்திரத்தைப் பேணப் பயின்ற ஒருவர் ஊரில் வேண்டும்; வடித்தபின் எஞ்சும் உப்பு நீர் செல்ல இடம் வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது குளங்களின் வரலாற்றிலும் நாம் கண்டதே.

சிகிச்சைப் பக்கத்தை நோக்கின், கொள்கை பெரிய கட்டடங்களை விரும்பியுள்ளது. சீன உதவியுடன் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021 யூன் மாதம் பொலன்னறுவையில் திறக்கப்பட்டது. அதனை எவரும் குறை கூறார். நோயாளர்க்கான மாதாந்தக் கொடுப்பனவும் 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் மாமாவின் கிழமை எவ்வாறு கழிகின்றது என்பதை வைத்தே இவற்றை நான் அளக்க இயலும். டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புக்காக அவர் கிழமைக்கு இருமுறை விடியுமுன் எழுந்து, மாங்குளம் சந்தி வந்து, தெற்கே செல்லும் பேருந்தைப் பிடிப்பார். நான்கு மணி நேரம் இயந்திரத்துடன் கிடப்பார். திரும்புகையிற் களைப்பால் நிற்க முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். ஆகவே இருவரின் நாட்கூலி போகும். சென்ற ஆண்டு ஒருநாள் இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்பினர். அவ்வைத்தியசாலையின் பெயரை ஈண்டு எழுத விரும்பவில்லை, அங்குள்ள தாதியர் அன்று பட்ட துயரையும் நான் கண்டேனாதலின். நெல் வயலை அவர் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

நோயின் பெயர் பற்றியும் ஒரு சொல். 'காரணம் அறியாத' என்ற வகைக்குள் ஒருவர் அடங்க வேண்டுமாயின் அவருக்கு நீரிழிவோ கடும் குருதியமுக்கமோ பிற அறிந்த காரணமோ இருத்தலாகாது. ஆய்வுக்கு இவ்வரையறை இன்றியமையாதது. ஆனால் போரின் பின் வன்னியில் நீரிழிவும் குருதியமுக்கமும் அரியனவல்ல. நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட விதவைத் தாய்க்கும், காரணம் தெரியாமற் கெட்ட உழவனுக்கும் மாங்குளம் சந்தியிற் பேருந்து ஒன்றே. தடுப்புக்குக் காரணம் வேண்டும். பராமரிப்புக்கு நோயாளி இருக்கும் இடம் தெரிந்தாற் போதும். 2010 இல் வகுத்த தொற்றா நோய்க் கொள்கையும் காரணம் அறியா நோய்க்கான ஏற்பாடுகளும் இரு தனிப் பாதைகளாகச் சென்றமை வரலாற்று நோக்கில் விளங்கக்கூடியதே. ஆயினும் துணுக்காய் போன்ற சிறு பிரதேசத்தில் இரண்டையும் சுமக்கப் போவது ஒரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

தமிழகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எமக்குப் பொருந்தும். சென்னையில் வைத்தியர் எம். கே. மணியை முதன்மையாகக் கொண்ட சிறுநீரக உதவி அறக்கட்டளை, 1990களின் பிற்பகுதியிலிருந்து அந்நகருக்கு அயலிலுள்ள கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு திட்டத்தை நடத்திற்று. வைத்தியர் வீடுதோறும் செல்லவில்லை. அவ்வூர்ப் பெண்களைப் பயிற்றி, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் சிறுநீரிலும் சீனியும் புரதமும் உண்டா எனச் சாதாரண இரசாயனக் கரைசல்களாற் பார்க்கவும், குருதியமுக்கம் அளக்கவும் செய்தனர். குறை கண்டோர்க்கு மலிவான பழைய மருந்துகள் வழங்கப்பட்டன. ஆளொருவருக்கு ஆண்டுச் செலவு அரை அமெரிக்க டொலரையும் எட்டவில்லை. எமது காரணம் அறியா நோயிற் சிறுநீரிற் புரதம் மிகக் குறைவாகவே காணப்படுமாதலால் இம்முறையை அப்படியே எடுத்தாள இயலாது; கிரியேற்றினின் சோதனையும் வேண்டும். ஆனால் அதன் உள்ளீடு எமக்கு அந்நியமன்று. குருதித் துளி எடுக்க வந்த மலேரியாப் பணியாளரை வரவேற்ற அதே முற்றங்கள் இன்றும் உள்ளன. ஊர்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் உளர். அவர்கள் கொண்டு செல்லும் பதிவேட்டில் ஒரு நிரலைக் கூட்டுதல் பெருஞ் செலவன்று.

2016 ஏப்ரலில் கொழும்பிற் கூடிய சர்வதேச நிபுணர் கூட்டமும் நோயை வரையறுத்து ஒரே முறையிற் கண்காணித்தலின் தேவையை ஆராய்ந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலம் பற்றித் தன் முதலாவது தீர்மானத்தை நிறைவேற்றிற்று. தீர்மானங்கள் ஜெனீவாவிலிருந்து கொழும்புக்கு விரைவாக வரும். கொழும்பிலிருந்து மல்லாவிக்கு வருவதே நெடுந்தூரம். லூஸ் வைத்தியர் அத்தூரத்தை மாட்டுவண்டிக் காலத்திற் கடந்து வந்து எண்ணிச் சென்றார்.

இவ்வாண்டு விடுமுறையில் ஊர் சென்றபோது மாமாவின் கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். 2017 முதல் இன்றுவரை ஒவ்வொரு சோதனையின் கிரியேற்றினின் அளவும் திகதியுடன் வரிசையாக உள்ளது. முதற் பக்கத்தில், குடும்பத்தில் வேறெவர்க்கும் இந்நோய் உண்டா என்ற வினாவுக்கு நேரே எழுதியவர் ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறார். அம்மா அதனைச் சுட்டி, அவ்விடத்தில் அம்மப்பாவின் பெயரை எழுதலாமா எனக் கேட்டார். எழுத என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன்.